லூயிஜி கிர்ரியின் வண்ணப் படங்கள் கண்காட்சியில் ஏன் வெளிறித் தெரிகின்றன?

கிர்ரி (1943–1992) இத்தாலியின் ஸ்காண்டியானோவில் பிறந்தவர். முதலில் நில அளவையாளர், பிறகு புகைப்படக் கலைஞர். கலைப் புகைப்படம் என்றாலே கறுப்பு வெள்ளை என்றிருந்த 1970களில், உலகம் வண்ணத்தில்தானே இருக்கிறது என்று கலர் பிலிமைக் கையில் எடுத்தார்.

அவருடைய பழைய பிரதிகளில் பெரும்பாலானவை ‘சி-பிரிண்ட்’ வகை. நம் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் கலர் போட்டோவும் அதேதான். தாளில் மூன்று மெல்லிய அடுக்குகள் உண்டு. கழுவும்போது ஒவ்வொன்றிலும் ஒரு சாயம் உருவாகும்: மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சைநீலம். கடைசியில் தாளில் வெள்ளி மிஞ்சாது, வெறும் சாயம்தான். கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது என்பதால் அதிகம் தாங்கும். சாயம் அப்படியல்ல. ஜன்னலோரத் திரைச்சீலையை நினைத்துக்கொள்ளுங்கள்: வெயில் படும் மடிப்பு வெளுத்திருக்கும், உள்மடிப்பு புதிதாகவே இருக்கும். கண்காட்சி அறையில் விளக்கை மங்கலாக வைப்பதும் இதனால்தான்.

ஆனால் வெளிறலுக்குப் பாதிக் காரணம் கிர்ரியே. பளிச்சென்ற நிறம் அவருக்கு ஒத்துவராது. மென்மையான, சிறிய பிரதிகளையே விரும்பினார். 1974இல் தினமும் ஒன்றாக வானத்தை 365 முறை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே படைப்பாகச் சேர்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒரு நீலம்கூட இன்னொன்றைப் போல் இருக்காது. அடர்த்தியாக அச்சிட்டிருந்தால் அந்த நுட்பம் போயிருக்கும்.

அப்புறம், வெளிறிய படம் என்றால் கெட்டுப்போன படம் என்று பலர் நினைக்கிறார்கள். கிர்ரியின் விஷயத்தில் அந்த மங்கலில் பாதி அவரே கேட்டு வாங்கியது.