கையில் நிற்கும் பணமெல்லாம் சேமிப்பா?

கேள்வி: என் கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். கைக்கு வரும் சம்பளம் 48,000 ரூபாய். கொரோனா ஊரடங்கால் ஏப்ரல் முதல் மூன்று மாதம் 30 சதவீதம் பிடித்தார்கள். ஜூலையிலிருந்து 20 சதவீதம் பிடிக்கிறார்கள். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் 8,000 வரை சம்பாதித்துக்கொண்டிருந்தேன். கல்யாணங்கள் நின்றதும் அதுவும் நின்றுபோனது. வீட்டுக் கடன் 12 லட்சம் பாக்கி, இன்னும் பத்து வருடம், வட்டி 8.4 சதவீதம், தவணை 14,800. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு தவணையும் கட்டவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து வருடக் கட்டணம் 60,000, அதிலும் இன்னும் எதுவும் கட்டவில்லை. ஆன்லைன் வகுப்புக்காக 10,000 ரூபாயில் ஒரு போன் வாங்கினோம். பெட்ரோல், ஓட்டல், ஸ்கூல் வேன், ஊருக்குப் போவது, வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம் 1,800 எல்லாம் மிச்சம். மாதம் 19,000-க்குள் வீடு ஓடியது. இப்போது கையில் 1,10,000 ரூபாய் இருக்கிறது. கல்யாணமான இத்தனை வருடத்தில் இவ்வளவு சேர்ந்ததே இல்லை. தங்கம் வாங்கலாம், பி.எஃப். பணத்திலும் கொஞ்சம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு (செப்டம்பர் 2020)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனசு ஒப்பாததற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கட்டாமல் விட்ட தவணைகள் ஆறு. 14,800 வீதம் கூட்டினால் 88,800 ரூபாய். பள்ளிக் கட்டணத்தில் 40 சதவீதத்தை இப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூலை 17 அன்று தனியார் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. உங்கள் கணக்கில் அது 24,000. இரண்டும் சேர்ந்து 1,12,800. கையில் இருப்பதோ 1,10,000. அந்தப் பணம் முழுவதும் வங்கிக்கும் பள்ளிக்கும் சேர வேண்டியது. அதற்கே இன்னும் 2,800 ரூபாய் குறைகிறது.

இதைப் படித்ததும் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். சம்பளத்தில் பிடித்தது ஏப்ரல் முதல் ஜூன் வரை 43,200, ஜூலை ஆகஸ்டில் 19,200. உங்கள் தையல் வருமானம் ஐந்து மாதத்தில் 40,000 போயிற்று. ஆக, 1,02,400 ரூபாய் வருமானம் வீட்டுக்கு வராமலே போயிருக்கிறது. அப்படியிருந்தும் வெளியே யாரிடமும் வட்டிக்கு வாங்காமல், நகையை அடகு வைக்காமல், பிள்ளைகளின் படிப்பை நிறுத்தாமல் இந்தக் காலத்தைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். மாதம் 19,000-க்குள் வீட்டை ஓட்டிய உங்கள் கைத்திறன் சாதாரணமானது இல்லை. அதை உங்கள் கணவரும் இந்தக் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரடங்கில் குறைந்த செலவுகள் எல்லாம் ஒரே வகை இல்லை. ஓட்டலுக்கும் பெட்ரோலுக்கும் போகாத பணம் உண்மையிலேயே மிச்சம்தான், அது திரும்பி வந்து கேட்காது. வேறு சில செலவுகள் இடம் மாறியிருக்கின்றன. வேன் காசு போனாகவும் டேட்டாவாகவும் மாறியது. எல்லோரும் மூன்று வேளையும் வீட்டில் இருந்ததால் மளிகையும் காஸும் ஏறியிருக்கும். மூன்றாவது வகைதான் ஆபத்தானது. இன்றைக்குக் கட்ட வேண்டாம் என்று தள்ளிப்போட்டவை. தவணை, பள்ளிக் கட்டணம், பல் மருத்துவர், வண்டி சர்வீஸ், போகாமல் விட்ட கல்யாணங்களின் மொய். ஐம்பது பேரோடு நடந்த கல்யாணமானாலும் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் எழுதியது நோட்டில் அப்படியேதான் இருக்கிறது. இவை எல்லாம் வரும் மாதங்களில் ஒவ்வொன்றாக வாசலுக்கு வரும்.

வங்கிக் கடனைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. மே 22 அன்று அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணையைத்தான் தள்ளிவைத்தார்கள், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 12 லட்சத்துக்கு 8.4 சதவீதத்தில் ஆறு மாத வட்டி சுமார் 51,300 ரூபாய். அது அசலில் ஏறி, உங்கள் கடன் இப்போது ஏறக்குறைய 12,51,000-ஆக நிற்கும். தவணைத் தொகையை மாற்றாமல் கட்டிக்கொண்டு போனால், 120 தவணையில் முடிய வேண்டிய கடன் 128 தவணைக்கு மேல் போகும். அதாவது கடைசியில் கூடுதலாகப் போவது கிட்டத்தட்ட 1,20,000 ரூபாய்.

வட்டிக்கு வட்டியைத் தள்ளுபடி செய்யக் கோரும் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடக்கிறதே, அதில் ஏதாவது கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கலாம். ஆனால் உங்கள் கடனில் ஆறு மாதத்துக்கு வட்டிக்கு வட்டி என்று வருவது 900 ரூபாய்கூட இல்லை. மீதி ஐம்பதாயிரமும் சாதாரண வட்டிதான். அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்து எதையும் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய வழி வேறு இடத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, மார்ச்சில் 5.15-லிருந்து 4.40-ஆகவும், மே மாதம் 4 சதவீதமாகவும் இறங்கியது. 2019 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டவை, அதனால் அவற்றின் வட்டி சீக்கிரமே குறைகிறது. உங்கள் கடன் அதற்கு முந்தையதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இன்னும் 8.4-இல் நிற்காது. கிளைக்குப் போய், பழைய முறையிலிருந்து ரெப்போ முறைக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாற்றுவதற்குச் சிறு கட்டணம் கேட்பார்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டி 7.2 சதவீதத்துக்கு வந்தாலே, இதே 14,800 தவணையில், ஏறியிருக்கும் கடன் 118 மாதத்தில் முடிந்துவிடும். தள்ளிவைத்ததால் கூடிய தவணைகள் எல்லாம் கழிந்துவிடும். வட்டி குறைந்ததும் தவணையையும் குறைத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் 88,800-ஐயும் கொண்டுபோய் வங்கியில் கட்டிவிட வேண்டுமா? வேண்டாம். கட்டுவதுதான் முறை என்று உங்களுக்குத் தோன்றும், கணக்கும் அதையே சொல்லும். ஆனால் கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி போன ஆண்டைவிட 23.9 சதவீதம் சுருங்கியதாக மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்டிருக்கிறது. சம்பளத்தில் இன்னும் 20 சதவீதம் பிடிக்கும் நிறுவனத்தில் உங்கள் கணவர் வேலை பார்க்கிறார். நாளைக்கு ஒரு மாதச் சம்பளம் தவறினால், 8.4 சதவீதக் கடனை அடைத்த கையோடு 24 சதவீதத்துக்குக் கைமாற்று தேட வேண்டிவரும்.

அதனால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு 24,000 உடனே கட்டிவிடுங்கள். அந்தக் காசில்தான் ஆசிரியர்களுக்குச் சம்பளம் போகிறது. 60,000 ரூபாயை, அதாவது மூன்று மாத வீட்டுச் செலவை, சம்பளம் வரும் கணக்கில் இல்லாமல் தனிக் கணக்கில் வையுங்கள். அதற்கு வட்டி குறைவாயிற்றே என்று கணவர் சொல்வார். அஞ்சலகத் தொடர் வைப்புக்கே ஏப்ரலில் 7.2-லிருந்து 5.8-ஆக இறங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் இந்தப் பணம் ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது எடுக்க வேண்டிய பணம். வட்டியைப் பார்த்து அதை எங்கேயும் பூட்டிவைக்காதீர்கள். வங்கியில் அசலுக்கு என்று சொல்லி 20,000 கட்டுங்கள். மீதி ஆறாயிரத்தில் ஐந்தாயிரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது.

வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தையும் மிச்சத்தில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். மாதம் 1,800 வீதம் ஐந்து மாதத்தில் 9,000. உங்களுக்குச் சம்பளம் 30 சதவீதம் குறைந்தது. அவருக்கு வேலை பார்த்த வீடுகள் எல்லாம் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தின. ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயையும் இலவச அரிசியையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வாடகையும் கொடுத்து எத்தனை நாள் ஓட்டியிருக்கும்? அதை மிச்சம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பயத்தில் எல்லோரும் செய்ததைத்தான் நீங்களும் செய்தீர்கள், உங்களைக் குறை சொல்லவில்லை. பாதியாவது, 5,000 ரூபாய், அவர் கையில் கொடுங்கள். முகக்கவசத்தோடு திரும்ப வரச் சொல்லுங்கள். பிளவுஸ் தைக்கும் நேரத்தில் நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பது உங்களுக்கும் நஷ்டம்தான். நவம்பர் 14 தீபாவளி. இப்போதே தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்தால் தையல் வரத் தொடங்கும்.

அப்புறம் தங்கம். கணவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் ஆபத்துக்கு முதலில் கைகொடுப்பது நகைதான். ஆகஸ்ட் 6 அன்று, நகை மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்ததும் அதனால்தான். ஆனால் ஜனவரியில் 30 ஆயிரத்தை ஒட்டி இருந்த சவரன் ஆகஸ்ட் முதல் வாரத்தில் 43 ஆயிரத்தைத் தாண்டிவிட்டு இறங்கியிருக்கிறது. எல்லோரும் பயந்து வாங்கி ஏறிய விலை அது. நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் வாங்கிய அன்றே போய்விடும். எல்லாவற்றுக்கும் மேல், தவணைக்கு உரிய பணத்தில் வாங்கினால் அது 8.4 சதவீதக் கடனில் வாங்கிய தங்கம்தான். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நகையை அடகுக்குப் போகாமல் காப்பாற்றினாலே போதும்.

பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். கொரோனாவுக்காக, இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், இவற்றில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்று மார்ச் 28 முதல் அனுமதி இருக்கிறது. வேலை போனவர்களுக்கு அது உயிர்காக்கும் உதவி. உங்களுக்கு அந்த நிலை வரவில்லை. 2019-20 ஆண்டுக்கு 8.5 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட, வரியில்லாத வட்டி அது. அதை எடுத்துத் தங்கத்தில் போட எந்தக் காரணமும் இல்லை. இன்னொன்று, மே, ஜூன், ஜூலை மூன்று மாதத்துக்கும் பி.எஃப். பிடித்தத்தை 12-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்த மாதங்களில் கைக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்திருந்தால், அதுவும் அவருடைய ஓய்வுக்காலப் பணத்திலிருந்து வந்ததுதான்.

செப்டம்பரிலிருந்து 38,400 வரும், தவணை போக 23,600. பழைய 19,000-இல் இனி வீடு ஓடாது. பஸ் ஓடத் தொடங்கிவிட்டது, அலுவலகம் போக அவருக்குப் பெட்ரோல் வேண்டும். குறைக்க இடம் எங்கே என்றால் முதலில் மின்சாரக் கட்டணத்தைப் பார்க்கச் சொல்வேன். இந்த 2020-ஆம் ஆண்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால், நிலைக்கட்டணம் சேர்க்காமல் 1,100 ரூபாய். 510 யூனிட் ஆனால் விகிதமே மாறி 1,796 ஆகிவிடும். பத்து யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 700 ரூபாய். எல்லோரும் வீட்டில் இருக்கும்போது மீட்டரைப் பத்து நாளைக்கு ஒரு தரம் பார்த்துக் குறித்துவையுங்கள். பால், முட்டை, பெரியவர்களின் மாத்திரை, காப்பீட்டு பிரீமியம் இவற்றில் கை வைக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லையென்றால், ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு தரும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை இந்த மாதமே விசாரியுங்கள். கணவரின் நிறுவனத்தில் குழுக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள்.

ஜனவரியில், பிடித்தம் நின்று முழுச் சம்பளம் வரத் தொடங்கியிருந்தால், தனியாக வைத்த 60,000-இல் பாதியை அசலில் கட்டலாம். பிடித்தம் தொடர்ந்தால் அதைத் தொடாதீர்கள். கிளைக்குப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆகஸ்ட் 31 அன்று கடன் பாக்கி எவ்வளவு, தவணைகள் எத்தனை என்று அச்சிட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள். தங்கம் வேண்டாம் என்று நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தத் தாளை அவரே படிப்பது நல்லது. அவர் கணக்குப் பிரிவில் இருப்பவர், பார்த்ததும் புரிந்துகொள்வார்.