கேள்வி – பதில்: கேளிக்கைப் பூங்காவில் சக்கர நாற்காலி

கேள்வி: 70 வயதைக் கடந்த என் தாயார் வீட்டுக்குள் சிறிது நடப்பார், வெளியே சென்றால் சக்கர நாற்காலிதான். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, எங்கள் இருவரையும் ஆர்லண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறான். அம்மாவோ, "என்னால் உங்களுக்கெல்லாம் சிரமம், நீங்கள் மட்டும் போய் வாருங்கள்" என்கிறார். சக்கர நாற்காலியில் சென்றால் வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? அம்மாவால் எதில்தான் ஏற முடியும்? – மதுரை வாசகி

பதில்: தாயாரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அவர் தயங்குவதற்கு அந்தப் பூங்காவில் காரணம் குறைவு. ஆனால் உறவினர்கள் சொன்னதை நம்பிப் போக வேண்டாம். அங்கே பெரும்பாலான வரிசைகள் சக்கர நாற்காலி செல்லும் அகலத்தில், படிகள் இல்லாமல் அமைக்கப்பட்டிருப்பதால், உங்கள் தாயாரும் மற்றவர்களோடு அதே வரிசையில்தான் காத்திருப்பார். பழைய அமைப்பு காரணமாக வரிசைக்குள் நாற்காலி நுழைய முடியாத இடங்களில் மட்டும் வேறு வாயில் வழியாக அழைத்துச் செல்வார்கள். சில இடங்களில் வரிசையின் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிட்டு, அதன்பின் திரும்பி வரச் சொல்வார்கள். இதை நான் குறையாகக் கருதவில்லை. பிள்ளைகளோடும் பேரக்குழந்தைகளோடும் சேர்ந்து நின்று, சுற்றியுள்ள அலங்காரங்களைப் பார்த்துக்கொண்டே நகர்வது, பின்கதவு வழியாகத் தனியே உள்ளே செல்வதைவிடக் கௌரவமானது.

ஒவ்வொரு சவாரியிலும் எப்படி ஏற வேண்டும் என்பதை வகை பிரித்து வரைபடத்திலும் செயலியிலும் குறித்திருக்கிறார்கள்; முக்கியமானவை மூன்று. நாற்காலியை விட்டு எழாமலே ஏறக்கூடியவை முதல் வகை. டிஸ்னி வேர்ல்டுக்குள் உள்ள பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் உள்ள 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' படகுச் சவாரி, 'ஜங்கிள் குரூஸ்', இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமில் விலங்குகளைப் பார்க்கச் செல்லும் 'கிளிமஞ்சாரோ சஃபாரி' ஆகியவை இதில் அடங்கும். இவற்றுக்கான தனி வண்டிகளும் படகுகளும் சிலவே என்பதால், உங்கள் தாயார் மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் காத்திருக்கவும் நேரலாம். நாற்காலியிலிருந்து சவாரியின் இருக்கைக்கு மாறி அமர வேண்டியவை இரண்டாம் வகை. 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படகு அப்படிப்பட்டது. சில அடிகளாவது நடந்தே ஏற வேண்டியவை மூன்றாம் வகை. 'பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்' சவாரிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் பட்டையின்மீது நடந்து சென்று ஏற வேண்டும் என்பதால், உங்கள் தாயாருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பணியாளர்கள் எவ்வளவு கனிவாக நடந்துகொண்டாலும், பார்வையாளரைத் தூக்கி அமர்த்த அவர்களுக்கு அனுமதி இல்லை; உடன் வந்தவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும். ஆகவே நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் மாறி அமர்வதை உங்கள் பிசியோதெரபிஸ்ட்டின் உதவியுடன் முன்கூட்டியே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். பூங்காவில் மின்சார ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும் என்றாலும், நான் மேலே சொன்ன படகுகளிலும் சஃபாரி வண்டியிலும் ஸ்கூட்டரோடு ஏற முடியாது, அதிலிருந்து சாதாரண நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கும் என்பதால், தள்ளும் நாற்காலியே உங்களுக்கு வசதி. மேஜிக் கிங்டமின் முதன்மைத் தெருவில் குதிரை வண்டிக்கான தண்டவாளம் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் பள்ளத்தில் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பதால் தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்தில் கடந்து செல்லுங்கள். எப்காட் பூங்காவில் ஏரியைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 2 கிலோமீட்டர்; தள்ளுகிறவர் களைத்துப்போவார், முறை மாற்றிக்கொள்ளுங்கள். உடன் வருபவரும் உள்ளே வந்து உதவக்கூடிய தனிக் கழிப்பறைகள் பல இடங்களில் உள்ளன. தம்பியே தாயாருக்குத் துணையாகச் செல்ல நேர்ந்தாலும் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: வரிசையில் முன்னே செல்வதற்காக, நன்றாக நடக்கக்கூடியவர்களும் சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நாற்காலியில் வந்தவர் எழுந்து நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இத்தகையவர்களைக் கேள்வி கேட்க வேண்டாமா? – ஈரோடு வாசகர்

பதில்: ஏமாற்று நடந்ததற்குச் சான்று உண்டு. பணம் படைத்த சில குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை வழிகாட்டிகளாகக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு டிஸ்னி பூங்காக்களில் வரிசையைத் தாண்டிச் சென்றதாக 2013 மே மாதம் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு அக்டோபரில், அதுவரை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்பட்டு வந்த சிறப்பு அட்டையை நிர்வாகம் நிறுத்திவிட்டு, குறித்த நேரத்தில் திரும்பி வரும் புதிய முறையைக் கொண்டுவந்தது. இதனால் பாதிக்கப்பட்டவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நெடுநேரம் வரிசையில் நிற்க இயலாத, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும்தான். அவர்களில் பலர் நீதிமன்றம் வரை சென்றார்கள். 2024இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. இப்போது அந்தச் சலுகை முதன்மையாக ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உடையவர்களுக்கே உரியது, சக்கர நாற்காலியில் வருவதால் மட்டும் அது கிடைத்துவிடாது.

ஆனால் எழுந்து நடந்தவரைக் கேள்வி கேட்பது உங்கள் வேலையல்ல. இதய நோய், மூட்டு வாதம், தசைத் தளர்ச்சி ஆகியவற்றால் அவதிப்படுகிறவர்கள் பலர் 10 அடி நடப்பார்கள், 100 அடி நடக்க இயலாது. மேலே கடிதம் எழுதியுள்ள மதுரை வாசகியின் தாயாரும் இருக்கைக்கு மாறுவதற்காக எழுந்து நிற்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் "நன்றாகத்தானே நடக்கிறார்கள்" என்று சொன்னால், அந்த மூதாட்டி மறுமுறை வீட்டை விட்டே கிளம்ப மாட்டார். நூறு ஏமாற்றுக்காரர்கள் தப்பினாலும் சரி, அவர் மனம் நோகக்கூடாது என்றே நான் சொல்வேன்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு 8 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறேன். பொழுதுபோக்கு இடங்களுக்குச் சென்றால் பணியாளர் என்னிடம் பேசாமல் என் மனைவியிடம், "சார் ஏறுவாரா?" என்று கேட்கிறார். முன்பின் தெரியாதவர்கள் உதவுவதாக எண்ணித் திடீரென நாற்காலியைத் தள்ளுகிறார்கள். கடிந்து பேசவும் மனம் வரவில்லை. – கோவை வாசகர்

பதில்: கடிந்து பேச வேண்டாம், ஆனால் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் வேண்டாம். "என்னிடமே கேளுங்கள், நான் சொல்கிறேன்" என்று நீங்களே பதில் கூறுங்கள்; உங்கள் மனைவியும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உங்களைப் பார்க்கட்டும். கேட்காமல் நாற்காலியைத் தொடுவது, கேட்காமல் ஒருவரின் தோளைப் பிடித்து நகர்த்துவதற்குச் சமம். கால் தாங்கியிலிருந்து பாதம் நழுவியிருக்கலாம், விரல் சக்கரக் கம்பியின் அருகே இருக்கலாம். எச்சரிக்காமல் தள்ளினால் காயம்தான் மிஞ்சும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். கூட்டத்தில் நாற்காலிக்கு முன்னால் சட்டென்று குனிந்தோ நின்றோ செல்ஃபி எடுக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவரின் முகம் உங்கள் முதுகுப்பையின் உயரத்தில் இருக்கிறது. ஊர்வலம் பார்ப்பதற்கென நாற்காலிகளுக்கு ஒதுக்கிய இடத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, "குழந்தைக்குத் தெரியவில்லை" என்று காரணம் சொல்லாதீர்கள். படியேறக் கூடியவர்கள் மின்தூக்கியை விட்டுக்கொடுங்கள். நாற்காலியைத் தள்ளுகிறவர்களுக்கும் கடமை உண்டு: அதைக் கொண்டு கூட்டத்தை விலக்காதீர்கள், முன்னே செல்பவரின் குதிகாலில் இடிக்காதீர்கள், செங்குத்தான சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி இறக்குங்கள். இன்னொன்று, குடும்பங்கள் அடிக்கடி செய்வது: நுழைவுச்சீட்டு வாங்கப் போகும்போது நாற்காலியை ஓர் ஓரமாக, சுவரைப் பார்த்தபடி நிறுத்திவிட்டுப் போகிறார்கள். நிறுத்துவதற்கு முன் எந்தப் பக்கம் பார்த்து உட்கார விருப்பம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது, அதனால் செய்கிறார்கள். நம் நாட்டில் தனியார் பூங்காவைக் கட்டாயப்படுத்த வழி உண்டா? – திருச்சி வாசகி

பதில்: உண்டு. அமெரிக்காவில் 1990இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தும், புதிய சவாரிகளில் சக்கர நாற்காலிக்கான இடமோ மாறி அமரும் வசதியோ இருக்க வேண்டும் என்ற விதி 2010இல் வெளியாகி 2012இல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. ஓய்வு, பொழுதுபோக்குக்கான கட்டடங்களும் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளன. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க அச்சட்டத்தின் 89ஆம் பிரிவு இடமளிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோக வகைசெய்யும் அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயத் தரநிலைகளாக வகுக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே அடுத்த முறை ஒரு பூங்காவில் படியின் முன் நின்றுவிட நேர்ந்தால், முதலில் மேலாளரிடம் எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். "வசதி இல்லை" என்று பொதுவாக எழுதுவதைவிட, வாயிலில் எத்தனை படிகள், கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு, சாய்தளத்தின் உயரம் என்ன, நீளம் என்ன என்று அளந்து எழுதுங்கள். ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளமாவது சாய்தளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால், அளவுநாடாவை வைத்துப் புகைப்படம் எடுத்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.