முகவருக்குச் சொன்னால் போதாதா?

கேள்வி: நாங்கள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்வீட்டுக் குழாய் வெடித்து எங்கள் படுக்கையறை நனைந்துவிட்டது. திரும்பிய அன்றே காப்புறுதி முகவர் தம்பிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "பார்ப்போம் அக்கா" என்றார். நாறிய மெத்தையையும் பலகை அலுமாரியையும் மாநகர சபை லொறியில் ஏற்றிவிட்டோம். ஆறு வாரம் கழித்து எழுத்தில் இழப்பீடு கோரினால், தாமதம் என்று நிறுவனம் மறுக்கிறது. இது நியாயமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நியாயத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளைப் படியுங்கள், அக்கா. இழப்பை உடனே அறிவிக்க வேண்டும், கோரிக்கையை 15 நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது தீக் காப்புறுதியின் பழைய வாசகம். குழாய் வெடிப்பும் பெரும்பாலும் அதோடு சேர்க்கப்படும் மேலதிகப் பாதுகாப்புத்தான். உங்கள் பத்திரத்தில் எத்தனை நாள் என்று பாருங்கள். நிபந்தனைகளை நிறைவேற்றினால் மட்டுமே நிறுவனம் பொறுப்பேற்கும் என்ற வரி இருக்கிறதா என்பதையும் தேடுங்கள். தீக் காப்புறுதிக்கு இலங்கையில் 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி இங்கிலாந்தின் சட்டமே செல்லும். அந்த வரி இருந்தால், தாமதத்தால் தனக்கு என்ன பாதிப்பு என்று நிறுவனம் காட்ட வேண்டியதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் காட்டியாக வேண்டும். இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கே வாதாடப் போகாதீர்கள். வரி இல்லையென்றால், தாமதத்தை மட்டும் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவது கடினம்.

வட்ஸ்அப் செய்தி உங்களுக்குச் சாதகம். தரகர் என்றால் உங்கள் ஆள். முகவரோ நிறுவனத்தின் ஆள்; அவரிடம் அன்றே சொன்னது நிறுவனத்திடம் சொன்னது போலத்தான் என்று வாதாடலாம். திகதி, படம், அவருடைய பதில் எல்லாம் தெரியும்படி அச்செடுத்து வையுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த லொறிதான். மதிப்பீட்டாளர் வந்து பார்க்க இப்போது என்ன இருக்கிறது? மேல்வீட்டார் கழற்றிய குழாயும் இந்நேரம் பழைய இரும்புக்காரரிடம் போயிருக்கும். உங்களுக்குக் கொடுத்த பணத்தை, தவறு மேல்வீட்டாருடையது என்றால், அவர்களிடம் அறவிடும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அதற்கான சான்றும் போய்விட்டது. நாறும் மெத்தையோடு படுங்கள் என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆனால் எறிவதற்கு முன் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால், "பார்க்க வாருங்கள், அல்லது எறிய அனுமதியுங்கள்" என்று கேட்டதாக இருந்திருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது: குழாய் வெடித்த திகதிக்குத் தொடர்மாடி நிர்வாகக் குழுவிடம் ஒரு கடிதம், குழாய் திருத்தியவரின் பற்றுச்சீட்டு, எல்லாப் படங்களும். இவற்றோடு மறுபரிசீலனை கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். யாழ்ப்பாணம் போய்வந்த டிக்கெட்டையும் இணையுங்கள். 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குப் பாதுகாப்பில்லை என்று பல பத்திரங்களில் உண்டு, அந்தக் கதவையும் மூடிவிடலாம். அதற்கும் மசியாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போங்கள்.

அதுவரை முகவர் தம்பியை ஏசிவிடாதீர்கள். அன்றே சொன்னீர்கள் என்பதற்கு அவர்தான் சாட்சி.