பழைய ஹாலிவுட் படங்களின் ஒரிஜினல் போஸ்டர்களை டீலரிடம் நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் இப்படிக் கேட்கிறவர் அநேகமாக ஏதோ ஒரு போஸ்டரில் மனசைப் பறிகொடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டுத் தயங்கி நிற்பவராகத்தான் இருப்பார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அதில் 24 x 36 அங்குலம் என்று போட்டிருந்தால் மூடிவிட்டுப் போய்விடுங்கள். அது பரிசுப்பொருள் கடையில் விற்கும் அளவு. அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் போன வழக்கமான போஸ்டர் அளவான 'ஒன் ஷீட்' 1980களின் நடுப்பகுதி வரை 27 x 41, பிறகு 27 x 40. 1960ஆம் வருஷத்துப் போஸ்டர் ஓரங்குலம் குறைவாக இருந்தால் ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் ரீப்ரிண்ட். எதுவானாலும் டீலர் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மடிப்பைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். 80களின் தொடக்கம் வரை பெரும்பாலும் மடித்துத்தான் அனுப்பினார்கள்: குறுக்கே மூன்று, நெடுக்கே ஒன்று, மொத்தம் எட்டுக் கட்டம். பழைய போஸ்டர் மடிப்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். (சுருட்டி அனுப்பியவையும் உண்டு என்று கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், தெரியும், குறைவு என்றுதான் சொல்கிறேன்.) போலிகளில் மடிப்புக் கோடும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். விரலால் தடவினால் வழவழவென்று ஓடும். பின்பக்கத்தில் தடமே இருக்காது. அதனால் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுக்கிற டீலரிடம் பேச்சை நீட்ட வேண்டாம்.

அடுத்து, கீழ் ஓரம். 1940 முதல் 80களின் நடுப்பகுதி வரை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் பெரும்பாலான போஸ்டர்களை விநியோகித்தது. அவர்கள் போட்ட எண் வலது கீழ் மூலையில் இருக்கும். ஸ்டார் வார்ஸுக்கு 77/21 என்றால், 77 வருஷம், 21 அந்த வருஷத்து வரிசை எண். முன்னால் 'ஆர்' எழுத்து நின்றால் மறுவெளியீடு. விவரம் தெரியாதவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். படம் வந்த வருஷத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, போஸ்டர் அச்சான வருஷத்தை டீலர் விழுங்கிவிடுவார். மறுவெளியீடும் தியேட்டருக்குப் போனதுதான், எனவே 'ஒரிஜினல்' என்றால் பொய்யும் இல்லை. ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அசலை ஸ்கேன் செய்து போலி அடித்தால் எண்ணும் அதில் வந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், அந்தப் பொடி எழுத்துகளை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். அசலில் விளிம்பு கூர்மையாக இருக்கும், ஸ்கேன் செய்ததில் புள்ளி புள்ளியாகக் கலங்கும்.

காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலானது. 1930களின் போஸ்டர் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஒளிராவிட்டால் அசல் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். பழைய காகிதம் கிடைத்தால் போலி அடிக்கிறவன் சும்மா இருப்பானா? 2009இல் யுனிவர்சல் ஸ்டுடியோவின் 1930களின் பேய்ப்படப் போஸ்டர் போலிகள் வெளிச்சத்துக்கு வந்தபோது ஏமாந்து நின்றவர்களில் பழம் தின்று கொட்டை போட்ட சேகரிப்பாளர்களும் இருந்தார்கள்.

துணியில் ஒட்டிய போஸ்டர் என்றால் கூடுதல் எச்சரிக்கை. முறையான லினன் பேக்கிங்கில் துணிக்கும் போஸ்டருக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள், கோதுமை மாவுப் பசை. தண்ணீரில் திரும்பக் கழற்றலாம். ஆனால் ஒட்டிய பிறகு ஓட்டைகளை அடைத்து வண்ணம் தீட்டிவிடுவார்கள், பின்பக்கமும் மறைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். சூடேற்றி அட்டையில் ஒட்டியதை வாங்கவே வேண்டாம், பிரிக்க முடியாது. நம்மூர் ஃபிரேம் கடைகளில் சொல்லாமல் கொள்ளாமல் செய்கிற வேலையும் இதுதான்.

டீலர்கள் எல்லாரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் கேட்கும் கூடுதல் விலை, பொருள் அசல் என்ற உத்தரவாதத்துக்கும் திருப்பி எடுத்துக்கொள்ளும் பொறுப்புக்கும்தான். அது எழுத்தில் இல்லையென்றால் ஏலமே மேல். அங்கே விலைக்கு மேல் 20, 25 சதவீதம் கமிஷன் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். 1931 டிராகுலா ஒன் ஷீட் 2017இல் 5,25,800 டாலருக்குப் போனதைக் காட்டி முதலீடு என்பார்கள். வாங்கிய போஸ்டரை அதே டீலரிடம் மறுமாதம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், பாதி விலை வந்தால் அதிர்ஷ்டம்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. அமெரிக்காவில் ஒரு போஸ்டரின் மூலையில் இருக்கும் எண்ணுக்குக்கூட வரலாறு இருக்கிறது. நம் போஸ்டர்களை மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டி மாட்டுக்குத் தின்னக் கொடுத்தோம், மிஞ்சியதை எடைக்குப் போட்டோம். இப்போது அறுபதுகளின் தமிழ்ப் போஸ்டர் எங்கே கிடைக்கும் என்று என்னையே கேட்கிறார்கள்!

கடைசியாக, போஸ்டரைச் சுருட்டி அனுப்பும் டியூப் வந்ததும் பிரிப்பதையே வீடியோ எடுங்கள். மூடியைச் சுற்றி ஒட்டிய டேப்பை மேலாக மட்டும் அறுங்கள். கத்தி உள்ளே இறங்கினால் போஸ்டர் ஓரம் போச்சு, எந்த டீலரும் திருப்பி எடுக்கமாட்டார்.