தோட்டத்தை விற்று மருத்துவம் வேண்டாம். மகள் கேட்கும் தடய அறிவியலை விசாரியுங்கள்

மார்த்தாண்டத்துக்கு அருகிலிருந்து வந்த ஒரு தகப்பனார், மகளின் நீட் மதிப்பெண் போதாததால் ரப்பர் தோட்டத்தில் பாதியை விற்று அவளை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கலாமா என்று கேட்டார். குவைத்திலிருக்கும் தாய்மாமா அதையே வற்புறுத்துகிறாராம். மகளோ குற்றத் தடயங்களை ஆராயும் தடய அறிவியல்தான் வேண்டும் என்கிறாள். பிணமும் போலீசும் பெண்பிள்ளைக்கு எதற்கு என்று வீட்டார் கலங்குகிறார்கள்.

ஐயா, உங்கள் கலக்கம் நியாயமானதே. ஆனால் தோட்டத்தை விற்கக் கூடாது. வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்புகிறவர் இங்கே தகுதித் தேர்வில் தேறி, பயிற்சியும் முடித்த பிறகே மருத்துவம் பார்க்க முடியும். விருப்பமில்லாத பிள்ளை அந்தத் தேர்வில் தேங்கிவிட்டால், பால் வெட்டிக் கிடைத்த வருமானமும் போய்க் கடன்தான் மிஞ்சும். அந்தக் கடனை உறவினர் யாரும் அடைக்கப் போவதில்லை.

அவள் விரும்பும் வேலை எப்படிப்பட்டது என்று யாரும் விசாரிக்கவே இல்லை; நான் சொல்கிறேன். குற்றம் நடந்த இடத்தில் உலர்ந்துபோன இரத்தக் கறையை, கிருமி நீக்கிய நீரில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒற்றியெடுத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையிலிட்டு முத்திரை வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, ஆளை அடையாளம் காட்டும் மரபணுப் பொருளான டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் உள்ள நம் குமரி மாவட்டத்தில் இதில் அசட்டை கூடவே கூடாது. மாதிரிக்கு மாதிரி கையுறையை மாற்ற வேண்டும். கறை படியாத பகுதியிலிருந்தும் ஒப்பீட்டுக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டும். முடி கிடைத்தால் வேரோடு இருப்பதே பெரிதும் பயன்படும். சந்தேக நபரின் உடலிலிருந்து மாதிரி எடுப்பது மட்டும் பதிவு பெற்ற மருத்துவரின் பொறுப்பு.

இதில் நேரும் பிழை எவ்வளவு பெரியது என்பதற்குத் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கே சான்று. மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், டிஎன்ஏ மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தைக் கடுமையாகக் குறை கூறியது; மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்றும், அவை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றும் வழிகாட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் செல்வதைக் கட்டாயமாக்கி, அதை மாநிலங்கள் செயல்படுத்த ஐந்தாண்டு அவகாசம் தந்திருக்கிறது.

பிணத்தோடு பழகும் வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்கு 2017 ஒக்கி புயலை நினைவூட்டுகிறேன். அடையாளம் காண முடியாதபடி கரை சேர்ந்த மீனவர்களின் உடல்கள் பல, உறவினரின் டிஎன்ஏ மாதிரியோடு ஒப்பிட்டே வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டன.

செலவு பற்றியும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தடயவியல் என்ற பெயரை மட்டும் வைத்து லட்சக்கணக்கில் கேட்கும், ஆய்வக வசதியற்ற தனியார் இளநிலைப் படிப்பு வேண்டாம். நாகர்கோவில் வட்டாரத்து அரசு உதவி பெறும் கல்லூரியில் விலங்கியலோ வேதியியலோ படிக்கட்டும்; தடய அறிவியலை முதுநிலையில் எடுக்கலாம். தடய அறிவியலில் அரசுப் பணியிடங்கள் குறைவு; அது கிடைக்காவிட்டாலும் இந்த அடிப்படைப் பட்டம் வேறு ஆய்வகங்களுக்கும் ஆசிரியப் பணிக்கும் வழி விடும்.

சேர்க்கைக்கு முன் அவளிடம் தனியாகக் கேளுங்கள்: ஒரே வேலையை மணிக்கணக்கில் பிசகாமல் செய்து, ஒவ்வொன்றையும் எழுதி வைத்து, ஆண்டுகள் கழித்து நீதிமன்றச் சாட்சிக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல அவளுக்கு மனமிருக்கிறதா? அவள் தயங்கினால், இந்தப் படிப்பையும் வேண்டாமென்று நானே சொல்வேன்.