மீதமிருக்கும் மூன்று கருக்கள்

கேள்வி: செயற்கைக் கருத்தரிப்பில் எங்களுக்கு மகள் பிறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உறைய வைத்த கருக்கள் மூன்று மீதமிருக்கின்றன. இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. "பேத்தியின் கூடப்பிறந்தவற்றை வெட்டிப் பார்க்கக் கொடுப்பாயா?" என்று கேட்கிறார் மாமியார். கையெழுத்திட்டால் பாவமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கருவியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஐந்தாம் நாள் கரு வெறுங்கண்ணுக்கு ஒரு தூசியளவே தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் நீர் நிறைந்த சிறு பந்து. அதன் உட்சுவரில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் செல் கொத்து. உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை வளர்க்க, ஆராய்ச்சிக்கு எடுப்பது அந்தக் கொத்தைத்தான். எடுத்ததும் கரு அத்தோடு முடிந்துவிடும். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மாமியாரின் கலக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கொத்துக்கு மூளையோ நரம்போ கிடையாது, வலியும் தெரியாது. அது ஒரு குழந்தையாகுமா, இரட்டையாகப் பிரியுமா என்பதுகூட முடிவாகாத நிலை. உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு தோன்றுவது ஏறக்குறைய 14-ஆம் நாளில். அதைத் தாண்டிக் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டன் அரசு அமைத்த வார்னாக் குழு 1984-இல் பரிந்துரைத்தது. 1990-இல் அங்கே சட்டமானது. நான் மனதார ஏற்கும் எல்லை அது.

இன்னொரு தம்பதிக்குத் தர உங்களுக்கு விருப்பமில்லை என்றால், அந்தக் கருக்கள் என்றாவது அகற்றப்படத்தான் போகின்றன. அதற்குப் பதில், பார்வை மங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கோ பார்க்கின்சன் நோயாளிக்கோ வழி தேடும் ஆய்வுக்குப் போகட்டுமே. என்னைக் கேட்டால், பாவமில்லை.

ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். எதுவரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், செல்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். ஒருமுறை செல் வரிசை, அதாவது ஒரு கருவிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்களின் தொகுப்பு, உருவாகிவிட்டால் அது ஆண்டுக்கணக்கில் பெருகும். திரும்ப அழைக்க முடியாது. கருமுட்டை எடுத்து முடித்து, மயக்கம் தெளியாமல் படுத்திருந்த ஒரு பெண்ணிடம் இப்படியொரு படிவத்தை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன். பேனா அவர் விரலில் நிற்கவில்லை. அன்று நான் வாய் திறக்காதது இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: தோல் செல்லிலிருந்தே ஸ்டெம் செல் உருவாக்குகிறார்களே, பிறகு கருவை ஏன் தொட வேண்டும்?
- கல்லூரி மாணவர்

பதில்: நல்ல கேள்வி. ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியின் செல்லிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் அதைச் செய்துகாட்டினார். 2012-இல் நோபல் பரிசு பெற்றார். கருவின் தேவை அதனால் வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதில் பெரிய நிம்மதி. ஆனால் அந்தத் தேவை முற்றிலும் நீங்கிவிடவில்லை. அப்படி உருவாக்கிய செல் சரியாக நடந்துகொள்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கருவின் செல்தான் அளவுகோல். 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து உருவாக்கிய செல் வரிசைகளை ஆய்வகங்கள் இன்றும் வளர்த்து வருகின்றன. அவற்றுக்குக் கரு தந்தவர்களும் மேலே கேட்ட வாசகியைப் போன்ற தம்பதிகள்தான்.