வெளிநாட்டுப் படிப்பும் ஆட்கடத்தலும்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் நலப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஒரு மாணவியின் தாய்): என் மகளுக்கு நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து விசாவும் வந்துவிட்டது. இந்த நிலையில் ஆட்கடத்தலைப் பற்றி எச்சரிப்பது வீண் பயமுறுத்தல் இல்லையா?

பதில்: ஆட்கடத்தல் என்றதும் தெருவில் ஆளைத் தூக்கிச் செல்வதுதான் நினைவுக்கு வருகிறது. ஐ.நா. 2000-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறையின் வரையறை அதைவிட விரிவானது. சுரண்டும் நோக்கத்துடன், மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரது இக்கட்டைப் பயன்படுத்தியோ அவரை வேலைக்குச் சேர்ப்பது, அழைத்துச் செல்வது, தங்கவைப்பது எல்லாமே அதில் அடங்கும். ஆகவே சேர்க்கைக் கடிதமும் விசாவும் அசலாக இருக்கும்போதே ஒருவர் இதில் சிக்கலாம். பேராசிரியர் உடன்வரும் சில வாரப் பயணங்களில் இந்த அபாயம் குறைவு. கடன் வாங்கிச் சேரும் பட்டப்படிப்பும், "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்களுமே என் கவலை.

கேள்வி (முதுகலை மாணவர்): மாணவர்களுக்கு உண்மையில் இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது. பிரிட்டனில் உழைப்புச் சுரண்டலை விசாரிக்கும் அரசு ஆணையம், வடக்கு வேல்ஸின் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்த 50-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் நவீன அடிமைமுறைக்கு உள்ளாகியிருக்கலாம் என்று 2023 தொடக்கத்தில் அறிவித்தது. அவர்கள் எப்போதும் பசியோடு இருப்பவர்களைப் போலத் தோன்றியதையும், இல்லவாசிகள் மிச்சம் வைத்த உணவைச் சாப்பிட்டதையும் உடன் பணியாற்றியவர்கள் கவனித்துச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2019-இல் சமையற்கலையும் ரோபாட்டிக்ஸும் படிக்கலாம் என்ற உறுதியின்பேரில் ஒரு சமுதாயக் கல்லூரிக்கு வந்த சிலி, பிரேசில் மாணவர்கள், தங்களை உணவு பொதியும் ஆலையிலும் செல்லப்பிராணி உணவு ஆலையிலும் வேலைக்கு வைத்ததாக வழக்குத் தொடுத்தனர். இந்த இரண்டாவது நிகழ்வில் புகாருக்கு உள்ளானவர்களில் கல்வி நிறுவனமும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். "இடம் வாங்கித் தந்த முகவர் செய்த தவறு, எங்களுக்குத் தொடர்பில்லை" என்று பல்கலைக்கழகங்கள் கைகழுவுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி (விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்): முகவர் நம்பகமானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அவருடைய பெயரைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். பல இடங்களில் முகவருக்குத் தரகுத் தொகை கொடுப்பது பல்கலைக்கழகம்தான். அப்படியிருக்க உங்களிடமும் பெருந்தொகை கேட்டால் அது எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட நான் அஞ்சும் அறிகுறி ஒன்று உண்டு: இடம் வாங்கித் தருபவர், கடன் தருபவர், வீடு பார்த்துத் தருபவர், வேலை தருபவர் நால்வரும் ஒரே ஆளாகவோ ஒரே குடும்பமாகவோ இருப்பது. அப்போது ஒரு வேலையை விடுவது வீட்டை இழப்பதாகவும் கடனுக்கு உடனே பதில் சொல்வதாகவும் ஆகிவிடும்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர்): அனுமதித்ததைவிடக் கூடுதல் நேரம் வேலை செய்துவிட்டேன். சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும் முதலாளி, வாயைத் திறந்தால் குடிவரவுத் துறையிடம் காட்டிக்கொடுப்பேன் என்கிறார். எனக்கு வழியே இல்லையா?

பதில்: உங்கள் கேள்வியில் இருப்பதுதான் இந்தத் தொழிலின் சூத்திரக் கயிறு. வகுப்புகள் நடக்கும் காலத்தில் பிரிட்டன் பெரும்பாலான பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரமும், கனடா வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரமும், ஆஸ்திரேலியா இரு வாரங்களுக்கு 48 மணி நேரமும் அனுமதிக்கின்றன. அந்த ஊதியத்தில் கடனை அடைக்க முடியாது என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். முதலில் கூடுதல் வேலையைச் சலுகைபோலக் கொடுத்து, பிறகு அதையே மிரட்டலாக்குகிறார். நீங்கள் விதியை மீறியது உண்மை, அதைச் சிறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐரோப்பிய மன்றத்தின் 2005-ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஆட்கடத்தலுக்கு உள்ளானவர் என்று கருத நியாயமான காரணம் இருப்பவருக்குக் மீண்டு வந்து யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது 30 நாள் மீட்சிக் காலம் தரவும், கட்டாயத்தின்பேரில் செய்த சட்டமீறலுக்குத் தண்டிக்காமல் விட வழி செய்யவும் அதில் இணைந்த நாடுகளைக் கோருகிறது. அமெரிக்காவில் ஆட்கடத்தலால் பாதிக்கப்பட்டோருக்கென டி (T) விசா இருக்கிறது. இவை தானாகக் கிடைப்பவை அல்ல. எனவே அதிகாரிகளிடம் போகும் முன் பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தையோ பாதிக்கப்பட்டோருக்கு உதவும் அமைப்பையோ பாருங்கள். அதுவரை தேதி, வேலை நேரம், கைக்கு வந்த தொகை ஆகியவற்றை எழுதிவையுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல், முதலாளி பார்க்க முடியாத மின்னஞ்சலுக்கு நகல் அனுப்புங்கள். விசாரணையில் இது வெறும் ஊதியச் சுரண்டல் என்றே முடிவானாலும் பிடித்த சம்பளத்தைக் கோர இதே குறிப்புகள் உதவும்.

கேள்வி (பல்கலைக்கழக அலுவலர்): சந்தேகம் எழுந்தால் மாணவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: தனியாகப் பேசுங்கள். உடன் வந்து அவருக்காகப் பதில் சொல்லும் "அண்ணன்" வெளியே காத்திருக்கட்டும். "உங்களைக் கடத்தினார்களா?" என்று கேட்டால் இல்லை என்றே சொல்வார், ஏனெனில் தன் நிலையை அவர் அப்படி நினைப்பதில்லை. பாஸ்போர்ட் இப்போது எங்கே, சம்பளம் யார் கணக்கில் போகிறது, நேற்று எங்கே தூங்கினீர்கள், வேலையை விட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பலரது கட்டணம் தொடர்பற்ற ஒரே கணக்கிலிருந்து வருவதும், பலர் ஒரே தொலைபேசி எண்ணைக் கொடுத்திருப்பதும் உங்கள் பதிவேட்டிலேயே தெரியும். வருகை குறைந்தவுடன் குடிவரவுத் துறைக்குத் தகவல் அனுப்பும் அலுவலகம், அதற்கு முன் மாணவரை ஒருமுறை நேரில் அழைத்துப் பேசுவது கடமை என்பேன்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): என் வீட்டு உரிமையாளர் "பத்திரமாக இருக்கட்டும்" என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். கேட்டால் தவறாக நினைப்பாரோ?

பதில்: இன்றே கேளுங்கள். அடையாள ஆவணத்தைப் பிடித்துவைப்பது, சர்வதேச தொழிலாளர் அமைப்பு பட்டியலிட்ட கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்று. சாக்குச் சொன்னால், பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தூதரகம் மாற்றுப் பயண ஆவணம் வழங்க முடியும்.